மன்னிப்பு தராத சாமியார்

"மன்னிப்பு தர முடியாதுன்னுட்டாரு."

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள் மரியபுஷ்பம். தச்சநல்லூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு இரண்டு பஸ் மாறிப் போய், சர்ச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, வெறுங்கையோடு திரும்பியிருந்தாள்.

கிருபைராஜ் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சிரித்தார்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா? கேட்டியா நீ?"

முப்பது வருஷமாக இந்த வீட்டில் இதே சண்டைதான். கணவர் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட், மனைவி ஆர்.சி. கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை ஒரே வாசலில் இறங்கி ஆளுக்கொரு திசையில் போவார்கள்.

"ஆண்டவருக்கும் நமக்கும் நடுவுல ஒரு சாமியார் எதுக்குட்டி? வீடு வாங்கத்தான் புரோக்கர் வேணும். பாவத்தைச் சொல்ல முழங்கால் போட்டா போதாதா? அதுவும் அந்த ஆளு, தர மாட்டேம்னு வேற சொல்லுதாரா! மன்னிப்பு என்ன அவரு வீட்டுச் சொத்தா?"

அவள் செம்பிலிருந்த தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள்.

அவருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஏட்டி, அவர்ட்ட என்னத்தச் சொன்ன?"

"கடுதாசி விஷயத்தைத்தான்."

சிரிப்பு நின்றது. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பேரு ஊரு ஏதும் சொன்னியா?"

"யாரு பேரையும் சொல்லல. நடந்ததைச் சொன்னேன்."

"சாமியார் வெளிய சொல்லிர மாட்டாருலா?"

"உசுரு போனாலும் சொல்ல மாட்டாரு."

அவருக்கு மூச்சு வந்தது.

கடிதம் ஒன்றும் பெரிதல்ல. நாலே வரி. 'பெண்ணுக்கு வலிப்பு நோய் உண்டு. மறைத்துக் கட்டி வைக்கிறார்கள். விசாரித்துக்கொள்ளவும். இப்படிக்கு நலம் விரும்பி.' பக்கத்து வீட்டு நீலாம்பாளின் மகள் மதுமதிக்கு நாங்குநேரியில் பேசி முடித்திருந்தார்கள். அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போன கடிதம் அது. அவர்கள் விசாரிக்கவெல்லாம் இல்லை. நிச்சயதார்த்த மோதிரத்தைக் கூரியரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து காய்ச்சல் தவிர வேறு எதுவும் வந்ததில்லை.

அதற்கு முன் ஆறு மாதமாக இரண்டு வீட்டுக்கும் சுவர்த் தகராறு. ஒரு சாண் இடத்துக்காகப் பேச்சுவார்த்தையே கிடையாது. கல்யாணம் நின்றதும் இந்த வீட்டிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் போய் ஆறுதல் சொன்னார்கள். நீலாம்பாள் கட்டிக்கொண்டு அழுதாள். அதிலிருந்து இரண்டு வீடும் மறுபடி ஒட்டிக்கொண்டன. வெட்கமில்லாத ஒட்டுதல்.

"அந்தப் பிள்ளை வேலைக்குப் போறதையும் நிறுத்திட்டுது," என்றாள் மரியபுஷ்பம். "வள்ளியூர்ல இருந்து இன்னொரு இடம் வந்துச்சு. அவியளும் வலிப்புன்னு கேள்விப்பட்டுப் போயிட்டாவ. அது பொய்யின்னு நாம ஒரு வார்த்தை சொன்னா பழி போயிரும்."

"சொல்லிட்டு? தெருவுல தலை நிமிந்து நடக்க வேண்டாமா? நான் கோவில் கமிட்டியில இருக்கேன்ட்டி. அன்னைக்கே குடும்ப ஜெபத்துல கண்ணீரு விட்டு ஆண்டவர்ட்ட ஒப்புக்கொடுத்தாச்சு. அவரும் மன்னிச்சாச்சு. அதைத் திரும்பத் திரும்பக் கிளறுனா அவரை நம்பலன்னுதான் அர்த்தம்."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. நீலாம்பாள்தான். பின்னால் துணிப்பையோடு மதுமதி தலையைக் குனிந்து நின்றாள்.

"அக்கா, வீட்டுச் சாவி ரெண்டு நாளைக்கு உங்ககிட்ட இருக்கட்டும். பாபநாசம் போயிட்டு வந்துருதோம். நாளைக்கு அமாவாசைலா."

"என்ன திடீர்னு?" என்றார் கிருபைராஜ்.

"அங்கன ஆத்துல முங்கி எந்திரிச்சா செஞ்ச பாவம் போகும்லா அண்ணாச்சி. இவ யாருக்கு என்ன பாவம் செஞ்சாளோ, இப்படி ஒரு பழி வந்து விடிஞ்சிருக்கு. ஒரு முழுக்குப் போட்டுப் பாப்போம்."

"நான் யாருக்கும் ஒண்ணும் செய்யலம்மா," என்றாள் மதுமதி.

"சும்மா இரு. தெரியாம ஏதாவது செஞ்சிருப்ப."

மரியபுஷ்பம் வாயைத் திறந்தாள். அதற்குள் கிருபைராஜ் முன்னால் வந்து, கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

"நல்லபடியா போயிட்டு வாங்க. பிள்ளைக்காக நாங்களும் ஜெபிக்கோம்."

நீலாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களை மாதிரி பக்கத்து வீடு யாருக்கு அமையும் அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

ஆட்டோ தெரு திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"பாத்தியா? அவியளே மனசைத் தேத்திக்கிட்டாவ. நீதான் கிடந்து குமையுத. சாமியார் மன்னிப்பு தரலன்னா போறாரு. இங்கனயே முழங்கால் போடு, நேரா ஆண்டவர்ட்ட கேளு."

"அவரு ஏன் தரலன்னு நீங்க கேக்கவே இல்லையே."

"ஏனாம்?"

மரியபுஷ்பம் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"புருஷன் செஞ்ச பாவத்துக்குப் பொண்டாட்டி வந்து மன்னிப்பு வாங்க முடியாதாம். கடுதாசி எழுதுன ஆளை வரச் சொன்னாரு."