அசையாதீங்க சார்

சப்-இன்ஸ்பெக்டர் கட்டம் போட்ட சட்டையில் சலூனுக்குள் நுழைந்தபோது நம் அணி ஏழு விக்கெட்டை இழந்திருந்தது. டெஸ்டின் கடைசி நாள், கடைசி இரண்டு மணி நேரம். முதல் இன்னிங்ஸில் எண்பத்தொரு ரன்னுக்குச் சுருண்டு, ஊரெல்லாம் கழுவிக் கழுவி ஊற்றிய அணி, ஃபாலோ ஆன் வாங்கிக்கொண்டு இன்னும் உயிரோடு இருந்தது. அதுவே பெரிய ஆச்சரியம்.

அவர் வந்தது மேட்ச் பார்க்க அல்ல. எதிரே இருக்கும் நகைக்கடைக்கு அன்று வார விடுமுறை. மேட்ச் முடிவதற்குள் அதன் பூட்டை உடைக்க ஒரு கும்பல் திட்டம் போட்டிருப்பதாகத் துப்பு வந்திருந்தது. ஊரே டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம். திருடனுக்கு வேறென்ன வேண்டும்?

"இந்தத் தடவையும் கோட்டை விட்டீங்கன்னா, கண்ட்ரோல் ரூம்ல போன் எடுக்கத்தான் போகணும்," என்று இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவருக்கு அது சுருக்கென்றுதான் தைத்தது.

அந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான். அவரை யாருக்கும் தெரியாது. நகைக்கடையின் ஷட்டர் நேராகத் தெரிகிற ஒரே இடம் அந்த சலூன். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணாடியில் ஷட்டர் பளிச்சென்று தெரிந்தது.

சலூன்காரர் வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டி, முகம் முழுக்க நுரையைத் தாராளமாகப் பூசினார். கத்தியை எடுத்தார். டிவியில் பவுண்டரி. கத்தியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த ஓவர் முடியட்டும் சார். கை நடுங்குது."

நியாயம்தான். நடுங்குகிற கையில் கழுத்தைக் கொடுக்க சப்-இன்ஸ்பெக்டருக்கும் ஆசையில்லை.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கடை. பஸ்ஸுக்கு நேரமிருப்பவர்கள்தான் வருவார்கள். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் குடையை மடியில் வைத்திருந்த பெரியவர். இன்னொருவன்தான் கண்ணை உறுத்தினான். கனமான கறுப்புப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நிமிடத்துக்கொரு தரம் வாசலை எட்டிப் பார்த்தான்.

ஓவர் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது.

"ஒண்ணு கவனிச்சீங்களா சார்? நீங்க வந்து உட்கார்ந்ததுல இருந்து விக்கெட்டே விழல," என்ற சலூன்காரர், நாற்காலியை டிவி பக்கம் திருப்பிவிட்டார். "ராசியை நேரா காட்டுவோம்."

"ஆமா தம்பி, அசையாதீங்க," என்றார் குடைக்காரர். "நான் காலை மடக்கி அரை மணி நேரமாச்சு. மரத்தே போச்சு. நீட்டினேனா?"

கண்ணாடியில் இப்போது ஷட்டருக்குப் பதில் வெறும் சுவர். சப்-இன்ஸ்பெக்டர் நைசாகப் பழையபடி திரும்பினார். உள்ளறையில் ஏதோ 'டம்'மென்று விழுந்தது. அதே நொடியில் டிவியில் ஸ்டம்ப் பறந்தது.

எட்டாவது விக்கெட்.

லாக்கப்பில் அவர்கூட யாரையும் அப்படி முறைத்ததில்லை. மூன்று பேரும் அப்படி முறைத்தார்கள்.

"நல்லாத்தானே உட்கார்ந்திருந்தீங்க?" என்றான் பைக்காரன்.

"உள்ளே என்ன சத்தம்?" என்று பேச்சை மாற்றிப் பார்த்தார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பக்கெட் உருண்டிருக்கும். முதல்ல திரும்புங்க சார்," என்று டிவியின் சத்தத்தைக் கூட்டினார் சலூன்காரர்.

திரும்பினார். அவருக்கும் கிரிக்கெட் ரத்தத்தில் ஊறியதுதான்; குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. தவிர, ஒரு கணக்கும் போட்டுவைத்திருந்தார். திருடன் இந்தப் பைக்காரன்தான். இவன் எழுந்தால்தானே பூட்டுக்கு ஆபத்து? ஷட்டரைப் பார்ப்பதற்குப் பதில் இவனைப் பார்த்தால் போயிற்று. வேலையும் நடக்கும், விக்கெட்டும் விழாது.

அதற்குப் பிறகு பைக்காரனும் வாசலை எட்டிப் பார்க்கவில்லை. திருடனானாலும் நல்ல ரசிகன் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். நுரை காய்ந்து கன்னம் இழுத்தது. மூக்கு அரித்தது. சொறியவில்லை.

கடைசிப் பந்தைத் தடுத்து ஆடினார்கள். டிரா. தோற்காததற்கே தெரு முழுக்க விசில். குடைக்காரர் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"புது பிளேடு வாங்கிட்டு ஓடி வந்துடறேன் சார்," என்று சலூன்காரர் வெளியே போனார்.

பைக்காரனும் வாசலை நோக்கி ஓடினான். சப்-இன்ஸ்பெக்டர் கழுத்துத் துணியோடு பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து, பையைத் தரையில் கொட்டினார். உருண்டதெல்லாம் டானிக் பாட்டில்கள்.

"மெடிக்கல் ரெப் சார் நான். உங்க ராசியை நம்பி மூணு பஸ்ஸை விட்டிருக்கேன்."

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து எதிரே பார்த்தார். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளே கண்ணாடிப் பெட்டிகள் துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தன.

உள்ளறையில் மறுபடியும் 'டம்'. ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். ஒரு ஆள் நாற்காலியோடு கட்டப்பட்டிருந்தான். வாயில் துண்டு, சட்டைப் பையில் சீப்பும் கத்தரியும். துண்டைப் பிடுங்கினார்.

"யாருய்யா நீ?"

"இந்த சலூன் என்னோடது சார். சாப்பாட்டு நேரத்துல ரெண்டு பேர் வந்து கட்டிப்போட்டுட்டாங்க. அதுல ஒருத்தன் என் கோட்டை மாட்டிக்கிட்டு வெளியே நின்னுட்டான்."

சப்-இன்ஸ்பெக்டர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். இரண்டு மணி நேரத்தில் ஒரு முடிகூட மழிக்கப்பட்டிருக்கவில்லை. அப்போதுதான் கவனித்தார்: அந்த ஆளின் வலது கை கட்டில்லாமல் இருந்தது, காலடியில் ஒரு பக்கெட் கவிழ்ந்து கிடந்தது.

"கைதான் அவிழ்ந்திருக்கே. துண்டை எடுத்துட்டு ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா?"

"கை அப்பவே அவிழ்ந்துடுச்சு சார். உடனே பக்கெட்டைத் தள்ளிவிட்டேன், எட்டாவது விக்கெட் போயிடுச்சு. அதுக்கப்புறம் மேட்ச் முடியற வரைக்கும் நான் அசைவேனா?"