கீரி வந்த ஞாயிறு

முயல் தெபோராளின் வளையில் ஞாயிறுதோறும் எலிகள் ஜெபிக்கக் கூடும். கூட்டத்தை நடத்திவந்த அவள் கணவன் இறந்துபோனான். "எனக்கு நாக்கு குழறும். வேற யாராவது நடத்துங்க" என்றே அவள் சொல்லிவந்தாள்.

அன்று வாசலில் ஒரு கீரி வந்து நின்றது. "என் பிள்ளை செத்துப்போச்சு. நானும் ஜெபத்துக்கு வரலாமா?"

எலிகள் சுவரோடு ஒடுங்கின. "உள்ளே விடாதீங்கக்கா" என்றது ஒன்று.

தெபோராள் கீரியின் பற்களைப் பார்த்தாள், கண்களையும் பார்த்தாள். நடந்துபோய், அதற்கும் எலிகளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

"வாங்கண்ணே. என் பக்கத்துல உட்காருங்க."

கீரி உட்கார்ந்தது.

"ஆ... ஆண்டவரே, இவர் பிள்ளையை..." அதற்குமேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. கீரி விம்மி அழுதது.

சற்றுப் பொறுத்து, சுவரோரமிருந்து எலிகள் ஒவ்வொன்றாக "ஆமென்" என்றன. தெபோராள் தானே பாட்டை எடுத்தாள்.