நேசபாய் கேட்ட மூன்றடி

“அடுத்தது யாரு? சொல்லுங்க. நம்ம ஊரு எப்படி இருக்கணும்னு ஆசைப்படுதீங்க?”

காலையிலிருந்து அதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு ஜெபசீலனுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. அவர் நகராட்சியில் இளநிலைப் பொறியாளர். ஊரை ஸ்மார்ட் சிட்டியாக்கும் திட்டத்தை மக்களைக் கேட்டுத்தான் தயாரிக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. வார்டு வார்டாகக் கூட்டம். இது ஒன்பதாவது வார்டு. தேவாலயத்தை ஒட்டிய ஹால். மின்விசிறி சுற்றியதே தவிர காற்று வரவில்லை.

இலவச வைஃபை, பூங்கா, முக்குக்கு முக்கு கேமரா. எட்டு வார்டிலும் எழுதியதையே இங்கேயும் எழுதினார். இதில் எது நடக்கும், எது ஃபைலுக்குள்ளேயே தூங்கும் என்பது அவருக்கே தெரியாது. நாலு மணி பூதப்பாண்டி பஸ்ஸைப் பிடித்தால் வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் சாயலாம். அப்போதைக்கு அவருடைய ஆசை அவ்வளவுதான்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும். முந்திரி ஆலையில் கொட்டை உடைத்துக் கறுத்துப்போன விரல்கள்.

“எனக்க பேரு நேசபாய். எங்க புளியடிவிளை முடுக்கை அகலமாக்கித் தரணும் சாரே. ஆம்புலன்சு உள்ள வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஜெபசீலனின் பேனா நின்றது. அந்தக் குறுகலான முடுக்கை அவர் மறந்துவிடவில்லை.

“அதை விட்டுருங்கம்மா. நாலு வருஷம் முன்னால நானே வந்து அளந்தேன். வளைவுல ஒரு வீடு முட்டிக்கிட்டு நிக்கி. மூணடி விட்டாத்தான் வண்டி திரும்பும். வீட்டுக்காரர் என்ன செஞ்சாரு தெரியுமா? நான் நட்ட குச்சியை எல்லாம் பிடுங்கி ஓடையில எறிஞ்சாரு.”

“அறியும் சாரே. நீங்க எழுதுங்க.”

“எழுதினா ஆச்சா? அவரு மதிலு போகும், முன்னறையில பாதி போகும். எந்த மனுசன் சம்மதிப்பான்?”

பக்கத்தில் இருந்த இளைஞன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தான். “அக்கா, இரிங்க. வேண்டாம்.”

“நீ சும்மா இரி ஜாஸ்பரு.”

ஹாலில் பேச்சு அடங்கியது. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். இந்த மௌனம் ஜெபசீலனுக்குப் பழகியதுதான். அண்டை வீட்டுப் பகை. கூட்டம் போட்ட வார்டில் எல்லாம் ஒன்று இருந்தது. அலுப்பு அவர் வாயில் வந்துவிட்டது.

“எல்லாருக்கும் ரோடு வேணும். ஆனா அடுத்தவன் மதில்தான் இடியணும். அப்படித்தானே?”

நேசபாய் கோபப்படவில்லை. ஜாஸ்பரின் தோளில் கைவைத்தாள்.

“இவனுக்க வீடு முடுக்குக்க கடைசியிலயாக்கும். போன ஐப்பசியில இவன் பெண்டாட்டி பிளஸ்ஸிக்குப் பேறு கழிஞ்ச ஒம்பதாம் நாளு ரெத்தம் நிக்கேல்ல. ஆம்புலன்சு வளைவுல வந்து நிண்ணுபோச்சு. நல்ல மழை. நாற்காலியில இருத்தி நாலு பேரு தூக்கிட்டு வந்தோம். நான் அவளுக்க கையைப் பிடிச்சிருந்தேன். வண்டிக்கிட்ட வந்து சேரும்பம் கை சில்லுன்னு தணுத்துப் போச்சு.”

ஜாஸ்பர் எழுந்து வெளியே போனான். போகும்போது யாரையும் பார்க்கவில்லை.

ஜெபசீலனுக்குத் தான் சொன்ன வார்த்தை நெஞ்சில் குத்தியது. இருபத்தெட்டு வருட உத்தியோகத்தில் இப்படி எத்தனையோ கேட்டாயிற்று. கேட்கிற ஒவ்வொரு தடவையும், செய்ய முடியாது என்று அவர் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

“அந்த வீட்டுக்காரருக்கு இது தெரியுமா?”

“தெரியும். அண்ணைக்கு வாசல்ல குடை பிடிச்சு நிண்ணாரு.”

“அதுக்குப் பிறகும் அவரு மனசு மாறேல்லயா?”

“இல்ல சாரே. இப்பமும் ஒரு சாண் தரமாட்டேன்னுதான் சொல்லுதாரு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப நான் என்னம்மா செய்ய முடியும்? சட்டம்னு ஒண்ணு இருக்கு. இடத்துக்குச் சொந்தக்காரர் சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போடாம அங்க ஒரு கல்லைக்கூட நகத்த முடியாது. அந்த மனுசன்கிட்ட போய்க் கெஞ்சுததுக்கு எனக்கும் தெம்பு இல்ல.”

“நீங்க கெஞ்சாண்டாம்.”

நேசபாய் வரிசைகளைக் கடந்து மேசைக்கு வந்தாள். பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பத்திரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“நாலு வருசம் முன்ன நீங்க எனக்க வீட்டுக்காரருகிட்ட மட்டும்தான் கேட்டிய சாரே, அந்த வீடு எனக்க அப்பன் எனக்கு எழுதித் தந்ததாக்கும். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க.”