மதியம் ஒன்று முதல் இரண்டு வரை

சாயங்காலம் நான்கு மணிக்கு வியாபாரிகள் சங்கத்தில் சொந்தத் தம்பியைக் குற்றவாளி என்று அறிவிக்க வேண்டும். அதற்காகவே பெரிய தராசு அன்று கஞ்சி போட்டு விறைத்த சட்டையில் கடைக்கு வந்திருந்தார்.

பெரிய தராசு என்பது தெரு வைத்த பெயர். மூன்று தலைமுறையாகத் தராசு செய்யும் குடும்பம். எட்டு வருடத்துக்கு முன் பாகம் பிரித்துக்கொண்டு எதிர்ச்சாரியில் கடை போட்ட தம்பி, சின்ன தராசு. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. அண்ணன் தெருவில் நடந்தால் முதுகு வளையாது, பார்வை எதிர்ச்சாரிக்குப் போகாது. ஒருமுறை விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டார். அப்போதும் திரும்பவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் கடைக்கு ஓர் இணையதளம் தொடங்கினார். முகப்பில், தராசைத் தூக்கிப் பிடித்து நிற்கும் அப்பாவின் படம். அதன் கீழே, எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் எண். அந்த எண்ணை ஊரே பார்க்க வேண்டாமா? கடைவாசலில் ஒன்று, கல்லாவுக்கு மேலே ஒன்று, பட்டறையில் ஒன்று என்று மூன்று டி.வி. மாட்டி, மூன்றிலும் இணையதளத்தையே ஓடவிட்டார். எண் பத்து லட்சத்தைத் தாண்டியது. சங்கத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். கேட்காதவர்களிடம் இரண்டு முறை சொன்னார்.

ஒரே ஒரு குறை. இணையதளம் பத்து நிமிடம் ஓடினால் அரை மணி நேரம் படுத்துவிடும். 'வரம்பு மீறிவிட்டது' என்று மூன்று டி.வி.யிலும் எழுத்து வரும். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வாசித்தார்கள். குடும்ப மானம் இப்படி நடுத்தெருவில் நிற்பது அந்த வீட்டில் இதுவே முதல் தடவை. இது தம்பியின் வேலைதான் என்று பெரிய தராசு விசாரிக்காமலே முடிவு கட்டினார்.

சங்கம் கூடும் அன்று மதியம் சர்வர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். மடிக்கணினியைக் கடை வைஃபையில் இணைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஐயா, எங்க சர்வர் பொதுத் தண்ணித்தொட்டி மாதிரி. ஒருத்தருக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு. உங்க பங்கை ஒரே இடத்துலேருந்து யாரோ உறிஞ்சுறாங்க. நொடிக்கு மூணு தடவை பக்கத்தைக் கேக்குறாங்க. போதாக்குறைக்கு உங்க அப்பா படம் வேற ரொம்பப் பெருசு. அதைக் கொஞ்சம் சின்னதாக்கினா..."

"எங்கப்பாவையா சின்னதாக்கச் சொல்றே?"

அவள் அந்தப் பேச்சை அத்தோடு விட்டாள்.

"ஆனா ஒழுங்கான ஆள்தான் ஐயா. காலைல ஒன்பதுக்கு ஆரம்பிக்கிறார். மதியம் ஒண்ணுக்கு நிறுத்திடுறார். ரெண்டுக்கு மறுபடியும். ராத்திரி எட்டுக்கு மூட்டை கட்டிடுறார். ஞாயித்துக்கிழமை லீவு."

பெரிய தராசு மேசையை ஓங்கித் தட்டினார்.

"அவனேதான்! மதியம் சாப்பிட்டதும் கடையை மூடிட்டு ஒரு மணி நேரம் குறட்டை விடணும் அவனுக்கு. அயோக்கியத்தனத்துக்கு நடுவுலகூடத் தூக்கம் கேக்குது பாரு!"

கல்லாவில் இருந்த மருமகள் தலையைத் தூக்கினாள். "மாமா, சின்ன மாமாவுக்குப் போன்ல அலாரம் வைக்கவே தெரியாது. பேரன்கிட்ட கொடுத்துத்தான் வைப்பார்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுக்கே தெரியும் மாமா. நீங்கதான் அந்தப் பக்கம் பாக்குறதில்லையே."

சட்டைப் பையில் கடிதம் இருந்தது. 'குடும்பப் பெயரைக் கெடுத்தவன் என் தம்பியே ஆனாலும் அவனைச் சங்கத்திலிருந்து நீக்க வேண்டுகிறேன்.' கையெழுத்துக்கூடப் போட்டாகிவிட்டது.

"அந்த இடத்தோட இணைய முகவரியைத் தடை பண்ணிடவா ஐயா?" என்றாள் கம்பெனிப் பெண்.

"பண்ணு. கால்ல வந்து விழுந்தாலும் எடுக்காதே."

"எதுக்கும் ஒரு தடவை யோசிச்சு..."

"எங்க வீட்டு எடைக்கு மறு எடை கிடையாது. அமுக்கு!"

அமுக்கினாள்.

வாசல் டி.வி., கல்லா டி.வி., பட்டறை டி.வி. மூன்றிலும் ஒரே நேரத்தில் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. அவளுடைய மடிக்கணினியிலும் அதே வரி.

மருமகள் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஐயா, இந்த டி.வி.யெல்லாம் நொடிக்கு ஒரு தடவை பக்கத்தைப் புதுசாக் கேக்கணும்னு யார் சொன்னது?"

"நான்தான். எண் ஏறுறது உடனுக்குடனே தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சுது. ஏத்தினதே நீங்கதான்."

"மதியம் நின்னுதே?"

"ஒரு மணிக்கு மெயின் சுவிட்சை அணைச்சுட்டுத்தானே மாமா நீங்க சாப்பிடப் போறீங்க?" என்றாள் மருமகள், மின்விசிறியிடம்.

அந்த முதுகு முதல் முறையாக நாற்காலியில் சாய்ந்தது.

"அப்போ அந்தப் பத்து லட்சம்?"

கம்பெனிப் பெண் தன் போன் வழியாக இணைப்பு எடுத்துக் கணக்கைத் திறந்தாள். "உங்க டி.வி. மூணையும் கழிச்சா எழுபத்தெட்டு."

பெரிய தராசு யோசித்தார். எழுபத்தெட்டு பேர் என்றாலும் ஒரு சிறு மண்டபம் நிறையும். "நல்ல மனுஷங்க எழுபத்தெட்டு பேர் போதும்மா" என்றார் கம்பீரமாக.

"எழுபத்தெட்டு பேர் இல்ல ஐயா, எழுபத்தெட்டு தடவை. எல்லாம் ஒரே இடம். அந்தக் கடையோட இணையதளமும் எங்ககிட்டதான் இருக்கு, இப்போ ஒப்பிட்டுப் பார்த்தேன், அதே முகவரி." அவள் தலையைத் திருப்பி எதிர்ச்சாரியைப் பார்த்தாள். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அவரும் திரும்பிப் பார்த்தார். மணி ஒன்று பத்து; இந்த அமளியில் அவர் சுவிட்சை அணைத்துச் சாப்பிடப் போக மறந்திருந்தார். அங்கே கதவு பாதி இறங்கியிருந்தது.

இணையதளம் படுக்காமல் திறக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், வேலை நாள் ஒன்று தவறாமல், தூங்காமல் விழித்திருந்து அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டுப் போன ஒரே ஆள், சின்ன தராசு.