சுவர்ப் பக்கம்

அப்பாவின் உடைந்த இடுப்பெலும்பு கூடவில்லை. அவர் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. எலும்பாகும் வகையைக் கண்டுபிடித்தால்தான் அவர் நடப்பார். அதே மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்த மகள் அவற்றைச் சாயமிட்டுப் பிரித்து, வகைக்கொரு தட்டில் வளர்த்தாள்.

ஒரு தட்டில் மட்டும் எல்லாச் செல்களும் சுவர்ப் பக்கமே நீண்டிருந்தன. சுவருக்கு அப்பால் அப்பாவின் வார்டு. தட்டைத் திருப்பி வைத்தாள். மறுநாளும் சுவர்ப் பக்கம்தான்.

"உங்கப்பா செல்லுல்ல? நாம சொன்ன பக்கம் திரும்புமாக்கா?" என்று சிரித்தாள் டெக்னீஷியன்.

சோதனையில் எலும்பாக மாறியது அந்த வகைதான். "கெட்டிக்காரங்கடா நீங்க," என்று மெல்லச் சொல்லி, பாதியை அப்பாவுக்குச் செலுத்தக் கொடுத்தாள்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், மீதிச் செல்கள் கதவுப் பக்கம் திரும்பியிருந்தன. எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். கைத்தடி இல்லாமல் அப்பா, தட்டுவதற்குக் கையைத் தூக்கியபடி நின்றிருந்தார்.