சிவப்பு மெசினின் சோடி

இந்தக் காலத்துச் சனம் எதற்கும் கைதட்டும். உழவு மெசின்கள் சோடி சோடியாக ஆடுவதைப் பார்க்கவென்று மகள் றெபேக்கா என்னை றிச்மண்ட் ஹில்லுக்கு அப்பால் ஒரு திடலுக்கு இழுத்துப் போனாள்.

நாலு சோடி ஆட வேண்டும். வந்தது ஏழு மெசின். சிவப்பு மெசின் ஓட்டிய வெள்ளைக்காரக் கிழவியின் புருசன் போன வின்ரர் குளிருக்குள் செத்துப்போனானாம். அவனுடைய இடத்துக்கு வேறு ஆளை விட அவள் சம்மதிக்கவில்லை. இன்றைக்கு ஆட்டம் பிழைத்துப் போனால் அவளையும் ஆட்டத்திலிருந்து நிற்பாட்டி விடுவார்களாம்.

பாட்டுத் தொடங்கியது. கிழவி வெறும் இடத்தைச் சுற்றினாள், வழிவிட்டாள், ஓரிடத்திலும் பிசகவில்லை.

"மனுசிக்கு விசர், ஆளில்லாத இடத்துக்கு வழிவிடுறாள்," என்றேன்.

"சும்மா இருங்கோ அப்பா. நிலத்தைப் பாருங்கோ."

முடிந்ததும் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஈரமண்ணில் சிவப்பு மெசினின் தடத்தை ஒட்டியபடி இன்னொரு மெசினின் தடம் வட்டமிட்டிருந்தது. அந்தப் பக்கம் வேறு மெசின் வரவே இல்லை.

கிழவி இறங்கி வந்து அதைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"என்னவாம்?"

"எப்பவும் இப்பிடித்தானாம், முட்டுறமாதிரிக் கிட்ட வருவாராம்."

"நேற்று ஆரோ ஓட்டியிருப்பான்."

"விடியத்தானே மழை பெய்தது, அப்பா."

நான் நம்பவில்லை. அந்தத் தடத்தை மிதிக்காமல் சுற்றிக் காருக்கு நடந்தேன்.