முப்பதாம் தேதிக்குள் நிமிரணும்

ஜூன் இரண்டாம் தேதி காலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள பிசியோதெரபி மையத்தில், கணக்காளராக வேலை பார்க்கும் ஒருத்தி கூன் நிமிர்த்தச் சேர்ந்தாள்.

"நாள் முழுக்கக் கம்ப்யூட்டரா, இல்ல போனா?" என்று கேட்டார் சிகிச்சை தரும் பெண்.

"பழக்கம்தான் மேடம். ஆகஸ்ட் முப்பதுக்குள்ள நிமிர்ந்துடணும்."

"அன்னைக்கு என்ன விசேஷம்?"

"என்னை விவாகரத்து பண்ணினவருக்கு ரெண்டாவது கல்யாணம். 'கூனியோட வெளிய போனா மானம் போகுது'ன்னு சொல்லிட்டுப் போனவர்."

அந்தப் பெண் அவளைச் சுவர்ப் பக்கம் அழைத்துப் போனார். "சுவத்தோட ஒட்டி நில்லுங்க. தாடையை உள்ள இழுங்க. இன்னும்!"

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அலுவலகத்தில் கணினித் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்தாள்.

"என்னக்கா, ஸ்கேலை முழுங்கிட்டீங்களா?" என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். இவளும் சிரித்தாள். ஆனால் சாயவில்லை.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி மாலை, கல்யாண வரவேற்பு மேடையில் ஏறினாள். மாப்பிள்ளையின் முகம் வெளிறியது.

"இங்க எதுக்கு வந்தே?"

"வாழ்த்தத்தாங்க."

புகைப்படத்துக்காக அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் உச்சந்தலை அவள் காதுவரைதான் வந்தது.

"குனி," என்றான் பல்லிடுக்கில். "நான் குட்டையாத் தெரியறேன்ல? குனிடி!"

கல்யாணமான நாள் முதல் தெருவில், கடையில், ஒவ்வொரு புகைப்படத்திலும் அவன் சொல்லிவந்தது அதைத்தான். அவளும் மறுக்காமல் குனிந்து வந்திருந்தாள்.

"இனிமே முடியாதுங்க," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

மறுபக்கம் நின்ற மணப்பெண்ணும் மெல்ல முதுகை நிமிர்த்தினாள்.

மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார் புகைப்படக்காரர்.